மூன்றாம் எட்டு

08.01.1994, சனிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு நான் நலம். தாங்களும் என் தங்கையும் நலமென்று நம்பி இதை எழுதுகிறேன். தங்கள் இடது முழங்கால் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். இப்போது படி ஏற முடிகிறதா என்று தெரிவிக்கவும்.

தனிப் பொட்டலமாக ஓர் இசைத்தட்டு வந்து சேரும். வழக்கம்போல இரண்டு பிரதிகள் வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று தங்களுக்கு. 1939ஆம் ஆண்டு ஒரு நடன அரங்கிலிருந்து வானொலியில் நேரடியாக ஒலிபரப்பான அரைமணி நேர ஸ்விங் ஜாஸ் நடன இசை நிகழ்ச்சி. அதை அன்று யாரோ ஒரு வானொலிப் பொறியாளர் பதிவு செய்து வைத்திருக்கிறார். இப்போது ஒரு சிறிய நிறுவனம் அதை வினைலில் அச்சிட்டிருக்கிறது. குழு நமக்குப் பழக்கமானதே. தலைவர், நாம் ‘தொந்தியார்’ என்று பெயரிட்டவர். கிளாரினெட் வாசிப்பவர், தம் முறை வருமுன் ஒருமுறை இருமும் நமது ‘இருமல்காரர்’.

உறையில் 14 நவம்பர் 1939 என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது செவ்வாய்க்கிழமை. கேட்டபின் இது குறித்துத் தாங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன். ரயில்வே கால அட்டவணைப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தவனுக்குத் தவறான தேதி என்பது செருப்புக்குள் கிடக்கும் கல்.

நான் கேட்டுவிட்டேன். ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஆனால், ஒருவர் தாம் கேட்டதை எழுதும்வரை மற்றவர் வாய் திறப்பதில்லை என்று 1963இல் நாம் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி முந்திச் சொல்லமாட்டேன். முதல் பக்கம் எப்படித் தொடங்குகிறது என்பதை மட்டும் தவறாமல் எழுதவும்.

தங்கைக்கு என் அன்பு.

தங்கள் மைத்துனன்

•

24.01.1994, திங்கட்கிழமை

மச்சானுக்கு வணக்கம்.

உங்கள் தட்டு முனை மடங்காமல் வந்தது. நாங்கள் இருவரும் சுகம். முழங்கால் படி ஏறுகிறது, இறங்கத்தான் யோசிக்கிறது. வைத்தியர் தைலம் கொடுத்திருக்கிறார். வீடு முழுக்க அதன் வாசனை. பின்பக்கத்து மோட்டார் பட்டறைக்காரன் வந்து, “என்ன சார், எங்கயாவது பெட்ரோல் ஒழுகுதா?” என்று விசாரித்துவிட்டுப் போனான்.

கேட்டேன். முதல் பக்கத் தொடக்கம் அமர்க்களம். கூட்டத்தின் இரைச்சல், அதற்குள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டாற்போல் தொந்தியாரின் அடையாள மெட்டு மெல்ல எழுகிறது, அதன்மேல் அறிவிப்பாளரின் வரவேற்பு. இருமல்காரர் வழக்கம்போல் இருமிவிட்டு வாசித்திருக்கிறார். தேதியைப் பற்றி எனக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை.

நான் தட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உங்கள் தங்கை சொன்னது: “செத்துப்போனவங்க கை தட்டறதைக் கேக்கறதுக்கு ரெண்டு கிழவங்களுக்கு என்ன அவ்வளவு ஆசை?” இதற்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும். அவள் உங்கள் உடன்பிறப்பு.

உங்கள் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது?

மாப்பிள்ளை (வயது எழுபத்திரண்டு)

•

29.01.1994, சனிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அழுத்தம் அதற்கு முன்புவரை சீராகவே இருந்தது.

இனி விதி தடையில்லை, சொல்கிறேன். என் பிரதியில் லேபிள்கள் பக்கம் மாறி ஒட்டப்பட்டிருக்கின்றன. ‘முதல் பக்கம்’ என்று குறித்த பக்கத்தில் ஊசியை வைத்தால் நிகழ்ச்சியின் பிற்பாதி, அதுவும் ஒரு மெட்டின் நடுவில் தொடங்குகிறது. பக்கத்தின் கடைசியில் அறிவிப்பாளர் விடைபெறுகிறார். வரவேற்பும் அடையாள மெட்டும் இருப்பது ‘இரண்டாம் பக்கம்’ என்று குறித்த பக்கத்தில். தாங்களோ முதல் பக்கத்திலேயே வரவேற்பைக் கேட்டிருக்கிறீர்கள்.

இதன் பொருள் தங்களுக்குப் புரிந்திருக்கும். அச்சிட்டவர்கள் பிழையைக் கண்டுபிடித்து நடுவிலேயே திருத்தியிருக்கிறார்கள். ஆகவே இத்தட்டுக்கு இரண்டு அச்சுகள் உண்டு. ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய இரண்டு பிரதிகளில் ஒன்று ஒரு வகை, மற்றது மற்றொரு வகை. எங்கள் இசைத்தட்டுச் சேகரிப்பாளர் வட்டத்தில் எவரும் இதைக் குறிப்பிட்டதில்லை. வட்டத்தின் செயலாளரான பல் மருத்துவருக்கு நேற்றே எழுதிவிட்டேன். அடுத்த செய்தி மடலில் வெளியிடுவார்.

தேதி விஷயத்தில் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்பது சற்று வியப்பளித்தது. முப்பத்தோரு ஆண்டுகளில் இதுவே முதல் முறை. அறிவிப்பாளர் ‘இந்தச் சனிக்கிழமை மாலை’ என்று இருமுறை சொல்கிறாரே?

தைலத்தைத் தொடர்ந்து பூசவும். தங்கைக்குச் சொல்லுங்கள்: கை தட்டியவர்கள் போய்விட்டார்கள், தட்டியது போகவில்லை.

தங்கள் மைத்துனன்

•

21.02.1994, திங்கட்கிழமை

மச்சானுக்கு வணக்கம்.

பதில் தாமதமாகிவிட்டது. இங்கே நல்ல குளிர். முழங்கால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. வானிலை அறிக்கைக்கு ஆள் தேவையென்றால் என் காலை அனுப்பி வைக்கிறேன். உங்கள் தங்கை சௌக்கியம். வாசல் பக்கச் சுவருக்கு வெள்ளையடித்தோம். அடித்தவர் ஜன்னல் கண்ணாடிக்கும் சேர்த்து அடித்துவிட்டார்.

இரண்டு அச்சு என்று எழுதியிருந்தீர்கள். அப்படியும் இருக்கலாம். இதையெல்லாம் வட்டத்தில் பெரிதுபடுத்த வேண்டுமா என்று யோசியுங்கள்.

சனிக்கிழமை என்றால் சனிக்கிழமைதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை

•

26.02.1994, சனிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். கீழ்வீட்டுத் தையல்காரர் என் தட்டின் டிரம்பெட் சத்தத்தில் தமக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று புகார் சொன்னார். அவருடைய தையல் இயந்திரம் எழுப்பும் சத்தத்துக்கு என் இசைத்தட்டு எம்மாத்திரம் என்று கேட்டேன். இருவரும் தற்போது பேசுவதில்லை.

பெரிதுபடுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரிதாகிவிட்டது. செய்தி மடலில் என் குறிப்பு வெளிவந்தபின் நான்கு உறுப்பினர்கள் தங்கள் பிரதிகளைப் பரிசோதித்திருக்கிறார்கள். நான்கிலும் லேபிள் மாறியே இருக்கிறது. பல் மருத்துவர், பல் பிடுங்கும் இடுக்கியை ஓங்கும் அதே மரியாதையுடன், திருத்திய அச்சு ஒன்று உண்மையிலேயே உண்டென்றால் அதை மார்ச் மாதக் கூட்டத்தில் காட்டும்படி எழுதியிருக்கிறார். உலகில் இப்போதைக்கு அது தங்களிடம் மட்டுமே உள்ளது.

ஆகவே தங்கள் தட்டைக் காப்பீட்டுத் தபாலில் அனுப்பி வைக்கவும். மூன்று வாரங்களில் திருப்பி அனுப்புவேன். அனுப்புமுன் மீண்டும் ஒருமுறை முதல் பக்கத்தை ஓடவிட்டு, அடையாள மெட்டில் எத்தனை எட்டுகள் முடிந்தபின் அறிவிப்பாளர் பேசத் தொடங்குகிறார் என்று எண்ணி எழுதவும். எட்டுத் தாளச் சுற்றுகளை ஓர் எட்டு என்று கணக்கிட்டு எண்ணுவதில் தங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

முழங்கால் எப்படி?

தங்கள் மைத்துனன்

•

28.03.1994, திங்கட்கிழமை

மச்சானுக்கு வணக்கம்.

நலமே. கால் பரவாயில்லை.

தட்டு என்னிடமே இருக்கட்டும். வட்டம் உங்களுடையது, நான் அதில் உறுப்பினன்கூட இல்லை. பல் மருத்துவர் கேட்கிறார் என்பதற்காக ஒரு தட்டைத் தபாலில் போட்டு உடைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

எட்டுகளை இன்னொரு சமயம் எண்ணுகிறேன்.

மாப்பிள்ளை

•

02.04.1994, சனிக்கிழமை

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தாங்கள் நலமென்று அறிந்தேன்.

கூட்டம் மார்ச் 26 அன்று நடந்தது. நான் வெறுங்கையுடன் போய் உட்கார்ந்திருந்தேன். பல் மருத்துவர் எல்லோர் முன்னிலையிலும், “சார் கேட்டது தட்டுலயா, கனவுலயா?” என்றார். சிரித்தவர்களில் இருவருக்கு இந்த இசையை அறிமுகம் செய்தவனே நான்.

நாம் முப்பத்தோரு ஆண்டுகளாக எல்லாவற்றையும் இரண்டாக வாங்கி ஒன்றாகக் கேட்டு வந்திருக்கிறோம். அரிய பிரதி ஒன்று தங்கள் கையில் விழுந்ததும் அதைக் கைக்குள் மூடிக்கொள்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் கேட்டது தட்டையல்ல, ஒரு சாட்சியத்தை.

அது வந்து சேரும்வரை எழுதுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. தங்கைக்கு அன்பு.

மைத்துனன்

•

25.04.1994, திங்கட்கிழமை

அன்புள்ள அண்ணா,

நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பாதே. உடம்பு நன்றாக இருக்கிறதா? தையல்காரரோடு சமாதானமாகப் போ. சட்டைக்குப் பட்டன் தைக்க உனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நீ கேட்ட தட்டை இதோடு அனுப்புகிறேன். அவருக்குத் தெரியாமல் எடுக்கவில்லை. அவர் எதிரிலேயேதான் எடுத்தேன். பார்த்துக்கொண்டிருந்தார். நான் கயிறு கட்டும்போது முடிச்சின்மேல் விரலை வைத்து அழுத்திக் கொடுத்தார்.

தறிக் கொட்டகையில் அவர் எத்தனை வருஷம் மேற்பார்வையாளராக இருந்தார் என்று உனக்கே தெரியும். இருநூறு தறி ஓடும் இடத்தில் யாரும் காதை நம்பிப் பேசமாட்டார்கள். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. அதனால்தான் வீட்டில்கூட எங்களுக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்தால் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்வார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் அவர் பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மூன்று தரம் கூப்பிட்டேன். முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன் இப்படிக் கத்தற?” என்றார். நான் வாயையே திறக்கவில்லை, அண்ணா.

காதுக் கருவி வாங்கினோம். பேச்சு கொஞ்சம் கேட்கிறதாம். பாட்டு போட்டால், “தகர டப்பால ஆணியைப் போட்டு உருட்டற மாதிரி இருக்கு” என்றார். கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். பிளேயர்மேல் துணி போட்டு மூடியாகிவிட்டது. நீ அனுப்பும் தட்டை மட்டும் உறையிலிருந்து எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வைப்பார். பிறகு மேஜையில் உட்கார்ந்து உனக்கு எழுதுவார். இத்தனை வருஷம் கேட்டவருக்கு, எது எங்கே வரும் என்று ஊகிக்கத் தெரியாதா? லேபிளை மாற்றி ஒட்டுவார்கள் என்று மட்டும் தெரியவில்லை.

உனக்கு எழுதச் சொல்லி எத்தனையோ தரம் கேட்டேன். “உங்க அண்ணன் எனக்கு எழுதறது தட்டைப் பத்தி மட்டும்தான். எனக்குக் கேக்கலன்னு தெரிஞ்சா எதைப் பத்தி எழுதுவார்? நின்னுபோயிடும்” என்றார்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வருவதுதான் வழக்கம். இனி எழுத மாட்டேன் என்று நீ எழுதிவிட்டாய். இருந்தும் இரண்டு செவ்வாயும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றார். கோபம் மிச்சமிருந்தால் என்னிடம் காட்டு. சின்ன வயதிலிருந்து எனக்குப் பழக்கம்தான்.

உன் தங்கை

•

30.04.1994, சனிக்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தில் பிழை ஏதுமில்லை.

கடிதத்தைப் பிரிக்குமுன் தட்டைத்தான் பிரித்தேன். நான் அப்படிப்பட்டவன் என்பது உனக்குத் தெரியும். லேபிள்கள் என் பிரதியில் போலவே மாறியிருந்தன. அடுத்து நடுத்துளையைப் பார்த்தேன். தட்டை ஒவ்வொரு முறை பிளேயரில் வைக்கும்போதும் நடுக்கம்பி உரசி, துளையைச் சுற்றி முடிபோன்ற கோடுகள் விழும். அதில் ஒரு கோடுகூட இல்லை. ஒருமுறையும் சுழலாத தட்டு. அவர் பொய் எழுதியிருக்கிறார் என்று அதன் பிறகு கால்மணி நேரம் கொதித்துக்கொண்டிருந்தேன். அதன் பின்னரே உன் கடிதத்தைப் படித்தேன்.

என்னை இவ்வளவு சிறியவனாக மதிப்பிட்டுவிட்டாரே என்று முதலில் வருத்தமாயிருந்தது. நான் எழுதும் கடிதங்களுக்கெல்லாம் கார்பன் நகல் வைத்திருக்கிறேன். ஐந்து ஆண்டுகளுக்குரியதை எடுத்துப் படித்தேன். முழங்காலைத் தவிர அவரைப் பற்றி நான் ஒன்றுமே கேட்டதில்லை. அதையும் ஓரிரு வரியிலேயே முடித்துவிடுகிறேன். அவர் மதிப்பீடு சரி.

ஒரு மனிதருக்குக் காது கேட்கவில்லை என்பதற்கு நான் கண்டுபிடித்த விளக்கம், தட்டுக்கு இரண்டு அச்சு உண்டு என்பது. இதை வேறு யாரிடமும் சொல்லாதே.

அவருக்கு எழுதுகிறேன். இரண்டு வாரம் ஆகும். அதற்கு முதலில் ஒழுங்காகக் கேட்க வேண்டியிருக்கிறது.

அண்ணன்

•

14.05.1994, சனிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் நலம். தாங்கள் எப்படி இருக்கிறீர்கள்? முழங்காலைக் கேட்கவில்லை, தங்களைக் கேட்கிறேன்.

தட்டு பத்திரமாக வந்தது. திருப்பி அனுப்புகிறேன், அது தங்களுடையது. வேறு அச்சு என்று ஒன்று இல்லை. பிழை என் ஊகத்தில். பல் மருத்துவருக்கு அவ்வாறே மறுப்பு எழுதிவிட்டேன். தங்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

நமது 1963ஆம் ஆண்டு விதியை மாற்றலாமென்று நினைக்கிறேன். எனக்கு எழுபத்தாறு ஆகிறது. முந்திச் சொல்லாமல் அடக்கி வைத்தால் மறந்துபோகிறது. ஆகவே இனி நான் கேட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். ‘இரண்டாம் பக்கம்’ என்று தவறாக ஒட்டிய பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஊசி இறங்கியதும் சல்லடையில் மணலை அசைப்பதுபோல் ஓர் இரைச்சல். அதற்குள் கூட்டம், சில நூறு பேர் இருக்க வேண்டும். மைக்குக்கு அருகில் யாரோ ஒரு நாற்காலியை இழுக்கிறார்கள். அடையாள மெட்டு தாங்கள் எழுதியபடியே கதவைத் திறந்தாற்போல் எழுகிறது. அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. அறிவிப்பாளருக்குச் சளி பிடித்திருக்கிறது. ‘சனிக்கிழமை’ என்பதை மூக்கால் சொல்கிறார்.

பின்னர் முதல் மெட்டு. வேகமானது. வழக்கம்போல நான்கு எட்டுகள். முதல் எட்டில் ஐந்து சாக்ஸபோன்களும் தாழ்ந்த குரலில், ஒரே போர்வைக்குள் பேசுவதுபோல் மெட்டைச் சொல்கின்றன. இரண்டாம் எட்டில் அதே மெட்டுத்தான். ஆனால் டிரம்பெட்காரர்கள் கையால் குழல் வாயை மூடித் திறந்து, குறுக்கே குறுக்கே கிண்டல் செய்கிறார்கள். கடைசி எட்டில் மொத்தக் குழுவும் எழுந்துவிடுகிறது. டிரம்காரர் இதுவரை தட்டிவந்ததை விட்டு இடது கையை ஓங்குகிறார். தங்கள் கொட்டகையில் தறி நாடா போய்த் திரும்பும் அதே சீர். போகிறது, இடிக்கிறது, வருகிறது. அதற்கடியில் கிடார் இருக்கிறது. அது கேட்பதற்கன்று, தரை அதிர்வதற்கு.

அதன்பின் இருமல்காரர். இம்முறை இருமவில்லை. அவர் இருமும் இடத்தில் ஒரு பெண் சிரிக்கிறாள், தாழ்வாக, தனக்கென்று. அவர் அதைக் கேட்டிருக்க வேண்டும். ஏனெனில் முதல் சுரத்தை எடுத்ததும் அவள் சிரித்த இடத்துக்கே போய், அங்கே சற்று நின்றுவிட்டுத்தான் மேலே ஏறுகிறார். இதை முதல் பத்து முறை நான் கவனிக்கவில்லை. தேதியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுபக்கத்தின் முடிவில் அறிவிப்பாளர், அடுத்த சனி இம்மாதத்தின் கடைசிச் சனி என்றும் அன்று நடனப் போட்டி உண்டு என்றும் சொல்லி விடைபெறுகிறார். ஆகவே நிகழ்ச்சி நடந்தது 18 நவம்பர் 1939. மறுபக்கத்தின் மற்ற மெட்டுகளைத் தனியாக எழுதுகிறேன்.

தங்கைக்குச் சொல்லுங்கள், தையல்காரருடன் சமாதானமாகிவிட்டது. இருமல்காரர் பகுதி வரும்போது அவர் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்.

தங்கள் மைத்துனன்

•

18.05.1994, புதன்கிழமை

மச்சானுக்கு வணக்கம்.

நேற்றுக் கடிதம் வந்தது. இன்று எழுதுகிறேன். நானும் உங்கள் தங்கையும் சுகம். கால் இருக்கிறபடி இருக்கிறது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

இரண்டு ஆட்சேபணைகள்.

ஒன்று, தேதி. உறையில் போட்ட தேதி பொய் என்கிறீர்கள், சரி. அதே உறையில் போட்ட மாதத்தை மட்டும் எப்படி நம்பினீர்கள்? கடைசிச் சனி எல்லா மாதத்துக்கும் உண்டு. அக்டோபர் ஏன் இல்லை? பல் மருத்துவர் கேட்பதற்குள் நான் கேட்டுவிட்டேன்.

இரண்டு. மெட்டுக்கு நான்கு எட்டுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் எட்டு சாக்ஸபோன். இரண்டாவது டிரம்பெட் கிண்டல். அங்கிருந்து நேராகக் கடைசிக்குப் போய்விட்டீர்கள். கடிதத்தை மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தடுக்கி விழுகிறேன். மெட்டு திசை மாறுகிற இடமே மூன்றாம் எட்டுதான். கால அட்டவணைப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர் ஒரு நிலையத்தையே விட்டுவிட்டு வண்டியை ஓட்டலாமா?

நான் கடிதம் படிக்கும்போது மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தேனாம். உங்கள் தங்கை எதிரில் வந்து நின்று, “மேஜை ஆடுது, டம்ளர் கீழ விழப்போகுது” என்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் எட்டை யார் வாசித்தார்கள் என்று உடனே எழுதவும். மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன; அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை